ஒரே பெயர், வேறு வேறு கொசு

மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கம் மழை ஓய்ந்தால் பால்மரத்து மங்கு, சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், பொரித்து வரும் புழு இறக்கை முளைக்கும்வரை ஒரு வாரம், பத்து நாள் நீரில் வாழும் பூச்சிதான்.

டிங்கி பரப்பும் ஏடிஸ் நம்மிடம் இரண்டு உண்டு. முதுகில் ஒற்றை வெள்ளைக்கோடு இருந்தால் அல்போபிக்டஸ். அது இந்த மண்ணுக்கே உரியது; தோட்டத்திலும் புதரிலும் திரியும். யாழ்போல் வளைந்த கோடுகள் இருந்தால் எஜிப்தி. அது வீட்டுக்குள் அண்டும் வந்தேறி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு அமெரிக்கா போய், பிறகு ஆசியாவுக்கு வந்தது.

எஜிப்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. கென்யாவில் மொம்பாசா அருகே ராபாய் என்ற ஊர்ப்பகுதியில் இரண்டு வகை அருகருகே வாழ்ந்தன. மரப்பொந்து நீரில் வளர்ந்தது கருத்தது. விலங்குகளைத் தேடிப் போனது. வீட்டுப் பானையில் வளர்ந்தது வெளிர் பழுப்பு. மனிதரைத் தேடி வந்தது. மோப்பத்துக்கு உதவும் ஒரு மரபணு வீட்டுக் கொசுவிடம் கூடுதலாக வேலை செய்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மனித வாடையில் மிகுந்திருக்கும் ஒரு பொருளை அந்தக் கொசு கூர்மையாக உணர்கிறது. நிறம் மட்டுமல்ல, பசியே மாறியிருக்கிறது!

எல்லா வேறுபாடும் பிறவியிலேயே வருவதில்லை. ஒரு மங்குக்குள் புழுக்கள் நெருக்கியடித்து, தீனி போதாமல் வளர்ந்தால் கொசு சிறுத்துப்போகும். அளவை வைத்து இனத்தைச் சொல்லாதீர்கள்.

நாம் கவலைப்பட வேண்டிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. புகை மருந்திலும் கொசுவத்தியிலும் உள்ள பைரித்ராய்டு கொசுவின் நரம்பைத் தாக்கும். அந்த மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொண்ட எஜிப்தி மலேசியாவிலும் உண்டு. ஆசியக் கொசுவிடம் காணும் மாற்றம் ஒன்று. அதே இடத்தில் அமெரிக்கக் கொசுவிடம் காண்பது இன்னொன்று. ஆகவே வேறொரு நாட்டில் கொன்ற மருந்து இங்கும் கொல்லும் என்று நம்ப முடியாது. டிங்கியைக் குறைக்க 2017இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் வோல்பாக்கியா கிருமி ஏற்றிய கொசுக்களை விடுவதற்கு முன்னும், உள்ளூர்த் தன்மை வரும்படி அவற்றை உள்ளூர்க் கொசுக்களோடு இணைசேர்த்து வளர்த்தார்கள். விட்ட இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

எந்த வகையானாலும் தண்ணீரின்றிப் புழு வளராது. வாரம் ஒருமுறை மங்கு, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். தொட்டியில் நீரை மட்டும் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.