நர்சிங் படிக்காதவர்களுக்கு ஒரு நர்சிங் பள்ளி

உஷ்... சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே வகுப்பு நடக்கிறது! ரத்த அழுத்தம் பார்க்கப் பழகுகிறவர் ஆங்கில இலக்கியம் முடித்தவராக இருக்கலாம். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பொருளாதாரப் பட்டதாரியாக இருக்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் யேல் நர்சிங் பள்ளியில் இதெல்லாம் சகஜம். வேறு ஏதாவது துறையில் பட்டம் வாங்கியவர்கள், நர்சிங்கில் அனா ஆவன்னா தெரியாமலே உள்ளே நுழைந்து மூன்று வருடத்தில் முதுகலை நர்ஸாக வெளியே வருகிறார்கள். 1974 முதல் நடக்கிற கூத்து இது. பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காமல் விட்டவர்கள் பெருமூச்சு விட வேண்டாம்!

யேல் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலைஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணமே அவருடையதுதான். பதவியை வைத்துச் சொந்தச் சம்பாத்தியம் பார்த்தார் என்று புகார் கிளம்பி, பதவி போனது. பிறகு 1718-ல் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்குப் புத்தகங்களும் துணி மூட்டைகளும் அனுப்பினார். துணியை விற்றுக் காசு பார்த்த கல்லூரி, நன்றியாக அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

சரி, நர்சிங்குக்கு வருவோம். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் நர்சிங் பள்ளிகளில் பெரும்பாலானவை மருத்துவமனைகளின் சொத்து. மாணவிகள் என்று பெயர்தான், வார்டு வேலை முழுக்க அவர்கள் தலையில்! படிப்பு, நேரம் மிஞ்சினால். இதை ஜோசபின் கோல்ட்மார்க் என்பவர் 1923-ல் ஓர் அறிக்கையில் புட்டுப்புட்டு வைத்தார். அதே ஆண்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் யேலில் சோதனை முயற்சியாக ஒரு பள்ளி பிறந்தது. மருத்துவமனைக்குக் கட்டுப்படாத பள்ளி. தனி டீன், தனி ஆசிரியர்கள், தனி பட்ஜெட்!

அந்த டீன் யார் தெரியுமா? ஆனி குட்ரிச். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ நர்சிங் பள்ளியை நடத்தியவர். யேலின் முதல் பெண் டீன் அவர்தான். யேல் கல்லூரி தன் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது 1969-ல். அதற்கு 46 வருடம் முன்பே அம்மா டீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இது பிடித்திருக்கிறது, ரொம்பவே! 1934 முதல் பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம் என்று வாசற்படியை இன்னும் உயர்த்தினார்கள்.

அடுத்து வர்ஜீனியா ஹெண்டர்சன். நர்ஸின் வேலை என்ன என்று அவர் கொடுத்த விளக்கம் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊர் நர்சிங் மாணவிகளும் பரீட்சைக்கு உருப்போட்டதுதான். 1953-ல் யேலுக்கு வந்தவர், நர்சிங் பற்றி வெளிவந்த எழுத்தையெல்லாம் சலித்து நான்கு தொகுதிகளில் அட்டவணை போட்டார். 1996-ல், 98 வயதில், சாக்லேட் கேக்கும் ஐஸ்க்ரீமும் சாப்பிட்டு, எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். போனால் இப்படிப் போக வேண்டும்!

டீனாக இருந்த ஃப்ளாரன்ஸ் வால்ட் இன்னொரு ரகம். 1963-ல் லண்டன் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் யேலில் ஆற்றிய ஓர் உரையைக் கேட்டார். சாகப்போகிறவர்களின் வலியைக் குறைப்பது பற்றிய பேச்சு. பின்னால் டீன் பதவியை விட்டுவிட்டு அந்த வேலையிலேயே இறங்கினார். 1974-ல் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் (சாகப்போகிறவர்களுக்கான பராமரிப்புச் சேவை) கனெக்டிகட்டில் தொடங்கியது அவர் முயற்சியில்தான்.

பள்ளி 2013 முதல் இருப்பது, முன்பு பேயர் மருந்துக் கம்பெனி வைத்திருந்த வளாகத்தில். நர்சிங் பயிற்சிக்கூடங்களில் இப்போது பொம்மைகள்தான் ஹீரோ. மூச்சு விடும், நாடி துடிக்கும், பிரசவம்கூடப் பார்க்கலாம்! "தலை சுத்துது சிஸ்டர்" என்று பொம்மை முனகினால் பதற வேண்டாம், கண்ணாடிக்குப் பின்னால் மைக்கோடு ஆசிரியர்.

அந்த மூன்று வருடப் படிப்பில் முதல் வருடம் மூச்சுமுட்ட அடிப்படை. உரிமத் தேர்வு எழுதிவிட்டு அடுத்த இரண்டு வருடம் சிறப்புப் பிரிவு: பேறுகால நர்சிங், குழந்தைகள், மனநலம், குடும்ப நலம். அதற்கும் மேலே பிஎச்.டி., டி.என்.பி. (நர்சிங் நடைமுறைக்கான முனைவர் பட்டம்) என்று இரண்டு முனைவர் பட்டங்கள். கனெக்டிகட்டில் 2014-ல் வந்த சட்டப்படி, நர்ஸ் ப்ராக்டிஷனர் (மேல்படிப்பு முடித்துச் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்) மூன்று வருடம் ஒரு மருத்துவரோடு ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டால், பிறகு தனியாகவே நோயாளி பார்த்து மருந்துச் சீட்டு எழுதலாம். "டாக்டரா, நர்ஸா?" என்று நம் பெரியப்பா யாராவது அங்கே போய்க் கேட்டால், "ரெண்டும்தான் அங்கிள்" என்று பதில் வரும்.