ஒரே அச்சில் வார்த்த மொழிகள்

மகாராஷ்டிரத்தின் தெற்கே, கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள சாங்லி மாவட்டத்தில் குப்வார் என்றோர் ஊர் உண்டு. 1971-இல் ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் என்னும் இரு மொழியியலாளர்கள் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதிலிருந்து, பன்மொழிப் பேச்சை ஆராய்வோர் எவரும் அவ்வூரின் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடிவதில்லை. அக்காலத்தில் சுமார் 3,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் நிலவுடைமையாளரான சமணரும் அவர்களோடு லிங்காயத்துகளும் கன்னடத்தையும், இஸ்லாமியர் உருதுவையும், நிலமற்ற தலித் மக்கள் மராத்தியையும், கயிறு திரிக்கும் தொழில் செய்த சிறு குழுவினர் தெலுங்கையும் வீட்டில் பேசினர். ஊரின் ஆண்கள் ஏறக்குறைய அனைவருமே தம் வீட்டு மொழியோடு பிற மொழி ஒன்றையேனும் பேசக்கூடியவர்களாக இருந்தார்கள்.

கன்னடமும் மராத்தியும் அவ்வட்டாரத்தில் ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அருகருகே வழங்கிவருபவை. உருது வந்து சேர்ந்தும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நெடிய உறவில் ஏதேனும் ஒரு மொழி மற்றவற்றை விழுங்கியிருக்கும் என்றோ, எல்லாம் கலந்து புதிய கலப்பு மொழியொன்று பிறந்திருக்கும் என்றோ எதிர்பார்ப்பது இயல்பு. குப்வாரில் நிகழ்ந்ததோ இவ்விரண்டிலும் சேராத ஒன்று. சொற்களும் விகுதிகளும் பெரும்பாலும் அந்தந்த மொழிக்கே உரியனவாக நிற்க, அவற்றைக் கோத்து நிறுத்தும் வாக்கிய அமைப்பு மட்டும் இம்மூன்று மொழிகளுக்கும் பொதுவாகிவிட்டது. வெவ்வேறு மொழிகளின் இலக்கணங்கள் நெடுங்காலப் பழக்கத்தால் ஒன்றையொன்று நெருங்கி வருவதை மொழியியலார் இலக்கணக் குவிவு என்பர்.

தழை வெட்டிக் கொண்டுவந்த ஒருவர் அதைச் சொல்லும் வாக்கியத்தைக் கம்பர்ஸும் வில்சனும் மூன்று மொழிகளிலும் பதிவு செய்திருக்கிறார்கள். குப்வார் உருதுவில் அது 'பாலா ஜரா காட் கே லே கே ஆயா'. மராத்தியில் 'பாலா ஜரா காபூன் கேஊன் ஆலோ'. கன்னடத்தில் 'தாப்லா ஜரா கோடி தகொண்டி பய்ன்'. வெட்டுதலைக் குறிக்கும் காட், காப், கோட் என்பவை மூன்று வேறு சொற்கள். வினையெச்சம் ஆக்கும் கே, ஊன், இ என்பவை மூன்று வேறு உருபுகள். ஆயினும் ஒரு மொழியின் துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் அடுத்த மொழியின் துண்டை வைத்தால், வரிசையில் எதையும் நகர்த்தாமலே வாக்கியம் நிறைவாகிவிடுகிறது. 'தழை கொஞ்சம் வெட்டி எடுத்து வந்தேன்' என்னும் தமிழ் வாக்கியமும் இதே அச்சில் அப்படியே பொருந்துவதைத் தமிழர் எளிதில் உணரலாம். வினையெச்சங்களை அடுக்கி, முற்றுவினையைக் கடைசியில் வைக்கும் இம்முறை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் ஒரே நிலப்பகுதியில் வழங்குவதால் இத்தகைய பொதுக்கூறுகளைப் பெறுவதை விளக்கி, 1956-இல் மரே எமனோ இந்தியாவை ஒரு மொழிப் பரப்பு என்று அழைத்தார்.

இந்தப் பொதுமைக்கும் அப்பால், அவ்வூருக்கே உரிய மாற்றங்களும் உண்டு; வியப்புக்குரியவை அவையே. பொது வழக்கிலுள்ள உருதுவில் உயிரற்ற பொருள்களும் ஆண்பால், பெண்பால் எனப் பிரிவதால், நதி பெண்பாலாகி 'ஆயீ' என்னும் வினையைப் பெறும். ஏட்டு மராத்தியிலும் அது பெண்பாலாகி 'ஆலீ' என்று முடியும். கன்னடத்திலோ, தமிழில் உயர்திணையும் அஃறிணையும் பிரிவது போல, பொருளின் தன்மையே பாலைத் தீர்மானிக்கிறது. குப்வார் உருது இந்தக் கன்னட வழியைப் பின்பற்றி, மகளிரைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும் பெண்பாலை வைத்துக்கொண்டு, 'நத்தி ஆயா' என்கிறது. அவ்வூர் மராத்தியும் நதியை அஃறிணைபோல் நடத்தத் தொடங்கிவிட்டது. இலக்கண ஆசிரியர் ஒருவர் கண்ணில் இது பிழையாகப் படக்கூடும். ஆனால் நதிக்கு ஒரு மொழியில் ஒரு பாலும் அடுத்த மொழியில் வேறொரு பாலும் என்று நினைவில் சுமக்கும் தேவையை அகற்றிய இம்மாற்றம், தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பழகிய மக்கள் தம் பயன்பாட்டுக்காகத் தாமே செய்துகொண்ட சீர்திருத்தமாகும்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாகவும் இருக்கவில்லை. 'இது என் வீடு' என்று தமிழில் வினையின்றியே வாக்கியம் முடிவதைப் போலக் கன்னடத்திலும் முடியும். குப்வார் கன்னடமோ, மராத்தியையும் உருதுவையும் ஒட்டி, அத்தகைய வாக்கியத்தின் இறுதியில் இருத்தலைக் குறிக்கும் வினையொன்றைச் சேர்த்துக்கொள்கிறது. ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவர்களின் மொழியே கன்னடம் என்பதை எண்ணும்போது, இலக்கணத்தில் விட்டுக்கொடுத்தது எளியவர்களின் மொழி மட்டுமன்று என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

இலக்கணம் இத்தனை நெருங்கிய பின்னும் சொற்கள் ஏன் தனித்து நின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் கூறிய விடை சமூக வாழ்க்கையைச் சார்ந்தது. வயலிலும் வேலையிலும் நாள்தோறும் கலந்து பழகியவர்கள், வீடு என்று வரும்போது சாதியாலும் சமயத்தாலும் வேலியிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்த வேலியின் அடையாளமாக வீட்டு மொழி நின்றது. குழுக்களுக்கிடையிலான பேச்சுக்கோ, ஆட்சி மொழியாகவும் ஆதிக்கக் குழுக்களில் எதற்கும் வீட்டு மொழியாக இல்லாததாகவும் இருந்த மராத்தியே பெரிதும் பயன்பட்டது. இவ்வளவு அழகிய மொழித்திறனுக்கு நீரூற்றியவற்றுள் சாதிப் பிரிவினையும் ஒன்று என்னும் கசப்பான உண்மையை மறைத்துவிட்டுக் குப்வாரைப் புகழ்வது நேர்மையாகாது.

இன்று குப்வார் தொழிற்பேட்டைகள் சூழ, சாங்லி, மிரஜ் நகரங்களோடு ஒரே மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆட்சி செய்வது ஏட்டு மராத்தி. அந்த ஏட்டில் நதி இன்றும் பெண்பாலாகவே இருக்கிறது.