சிபியு சூடு தெரியுது, ஃபேன் வேகம் தெரியலையே! லினக்ஸ் சில சென்சார்களை மட்டும் தானாக இயக்குவது ஏன்?

கோடையில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது ஊருக்குப் பழகிப்போன விஷயம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கூரை மேல் தண்ணீர் தெளிப்பார்கள். திருச்செங்கோடு ரிக் வண்டி டிரைவருக்கு இன்ஜின் சூடு காட்டும் மீட்டர் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். ஆனால், மேசைக்கு அடியில் நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டரின் சூட்டை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

அறையின் வெப்பம் 10 டிகிரி ஏறினால், அதே வேலை, அதே ஃபேன் வேகத்தில் பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கவனிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. லினக்ஸில் 'சென்சார்ஸ்' என்று ஒரு கட்டளை தட்டினால் போதும். ஆனால் பல டெஸ்க்டாப்களில் பிராசசர் வெப்பம் மட்டும் வரும். ஃபேன் வேகமும் மதர்போர்டு மின்னழுத்தமும் வராது. அவற்றை அளக்கும் சிப் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும். அதைப் படிக்கும் டிரைவர்தான் லோடு ஆகியிருக்காது.

டிரைவர் தானாக வருவது எப்படி?

இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். ஆயிரக்கணக்கான டிரைவர்களை எப்போதும் மெமரியில் வைத்திருக்க முடியாது என்பதால், அவை 'மாட்யூல்' என்ற தனித்தனிக் கோப்புகளாக டிஸ்க்கில் இருக்கும். தேவைப்படும்போது மட்டும் உள்ளே வரும்.

பென் டிரைவைச் செருகியதும் அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லிவிடும். கெர்னல் அதை 'மாட்அலியாஸ்' என்ற ஒரு வரி முகவரியாக மாற்றும். 'யுடெவ்' என்ற பின்னணி நிரல் அதை எடுத்துக்கொண்டு, எந்த மாட்யூல் இந்த எண்ணுக்குப் பொருந்தும் என்று பட்டியலில் தேடி லோடு செய்யும். பிசிஐ கார்டுகளுக்கும் இதே முறைதான்.

பிராசசருக்கு ஆரம்பத்தில் இப்படி ஒரு முகவரி இல்லை. அதனால் இன்டெல் பிராசசர் வெப்பத்தைப் படிக்கும் 'கோர்டெம்ப்' டிரைவர் 2007-லேயே கெர்னலில் சேர்ந்தும், அதைத் தனியாக லோடு செய்ய வேண்டியிருந்தது. 2012-ல் வந்த 3.4 பதிப்பில் பிராசசரின் மாடலையும் வசதிகளையும் வைத்தே டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஏஎம்டி பிராசசருக்கான 'கே10டெம்ப்' பிசிஐ எண் வழியாகவே தானாக வந்துவிடும். பிராசசர் வெப்பம் மட்டும் சிரமமில்லாமல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அப்போ ஃபேன் சென்சாருக்கு என்ன பிரச்சினை?

டெஸ்க்டாப் மதர்போர்டில் ஃபேன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் அளப்பது பெரும்பாலும் 'சூப்பர் ஐஓ' என்ற சிப். நுவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. இது பழைய ஐஎஸ்ஏ காலத்து முறையில் இணைக்கப்படுவது. 'நான் இன்னார்' என்று தானாகச் சொல்லாது. ஒரு குறிப்பிட்ட முகவரியில் சில எண்களை எழுதி, அதைத் தட்டி எழுப்பித்தான் 'நீ யார்?' என்று கேட்க முடியும்.

ஆபத்து அங்கேதான். அந்த முகவரியில் வேறு ஏதாவது இருந்தால், நாம் எழுதுவது அதைப் போய்ச் சேரும். முகவரி தெரியாத தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது மாதிரி. சில பழைய ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப்களில், சென்சார் தேடும் இந்த முயற்சியே போர்டில் இருந்த ஈப்ராம் சிப்பின் தகவலைக் கெடுத்தது; லேப்டாப் பூட் ஆகாமல் போனது. வெப்பம் பார்க்கப் போய் மெஷினே போன கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே சிப்பை பயாஸும் தன் வேலைக்குப் பயன்படுத்தலாம். இருவரும் ஒரே நேரத்தில் அதனிடம் பேசினால் தவறான அளவுகள் வரும். அதனால் பயாஸ் 'இது என் இடம்' என்று குறித்து வைத்திருந்தால், கெர்னல் அந்த டிரைவரை அனுமதிக்க மறுத்துவிடும்.

போன் மட்டும் எப்படி சரியாகச் சொல்கிறது?

ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் எந்தச் சென்சார் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளரே 'டிவைஸ் ட்ரீ' என்ற பெயரில் போனுடன் கொடுத்துவிடுகிறார். கெர்னல் தேடவே வேண்டாம். டெஸ்க்டாப் சந்தையில் ஏகப்பட்ட போர்டுகள். அப்படி முழுமையான வரைபடம் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. சில டெல், ஆசுஸ் மாடல்களில் பயாஸ் சொல்லும் மாடல் பெயரை வைத்தே டிரைவர் தானாக லோடு ஆகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

'எல்எம்-சென்சார்ஸ்' என்ற தொகுப்பை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை அட்மின் அனுமதியுடன் ஓட்டுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் முன் அது அனுமதி கேட்கும். எது பாதுகாப்பானதோ அதுவே இயல்பான பதிலாக இருக்கும்; சந்தேகமாக இருந்தால் என்டர் மட்டும் தட்டினால் போதும். கடைசியில், கண்டுபிடித்த டிரைவர்களின் பெயரைச் சேமிக்கவா என்று கேட்கும். 'யெஸ்' சொன்னால் அடுத்த முறை பூட் ஆகும்போதிலிருந்து அவை தானாக லோடு ஆகும்.

டெபியன், உபுண்டு மட்டுமல்ல, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது அதே பாஸ்தான்.

ஹார்டு டிஸ்க் வெப்பத்துக்கு 'டிரைவ்டெம்ப்' என்ற டிரைவர் 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே உண்டு. ஆனால் அதுவும் தானாக வராது; லோடு செய்ய வேண்டிய மாட்யூல்களின் பட்டியலில் அதன் பெயரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

* ஒரு ஃபேன் '0' என்று காட்டினால் பதற வேண்டாம். அந்த இணைப்பில் ஃபேனே மாட்டப்படாமல் இருக்கலாம். ஆனால் சிபியு ஃபேன் 0 என்றால், மூடியைத் திறந்து பாருங்கள்.
* மைனஸ் 128, 127 மாதிரி எண்கள் வந்தால், அங்கே சென்சார் இணைக்கப்படவில்லை என்று பொருள் கொள்ளலாம்.
* சந்தேகம் இருந்தால் பயாஸ் திரையில் தெரியும் அளவுடன் ஒப்பிடுங்கள்.

டிரைவர் இல்லாவிட்டால் பிராசசர் கருகிவிடுமா? இல்லை. பல இன்டெல் பிராசசர்களில் 100 டிகிரியை நெருங்கும்போது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மெஷினை அணைத்துவிடும். ஃபேனையும் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொள்ளும்.

நமக்குப் போவது தகவல்தான். மே மாத மதியத்தில் பில்லிங் கம்ப்யூட்டர் திணறினால், "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவெடுப்பதற்கு முன், ஃபேன் வேகத்தையும் வெப்பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தூசி தட்டினாலே சரியாகிற கோளாறுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.