ஒரு வரி மாத்தினா ரெண்டு நிமிஷம் காத்திருக்கணுமா? ஜாவா வெப் டெவலப்மென்ட்டை வேகமாக்குவது எப்படி?

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பளம், முத்து என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இப்போது அந்தப் பட்டியலில் ஐ.டி.யும் மெல்லச் சேர்ந்து வருகிறது. 32.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட நியோ டைடல் பூங்காவை 2024 டிசம்பர் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கு திறந்து வைத்தார். சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்குச் சொந்த ஊரில் இருந்தபடியே வேலை பார்ப்பவர்களும் உண்டு.

சென்னையோ தூத்துக்குடியோ, ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதும் பலரிடமும் கேட்கும் புலம்பல் ஒன்றுதான்: "மாத்தினது ஒரே ஒரு வரி. அது சரியா வேலை செய்யுதான்னு பார்க்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது!"

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? புது லேப்டாப் வாங்காமலேயே இதைக் குறைக்க முடியுமா? பார்க்கலாம்.

ரெண்டு நிமிஷம் பெரிய விஷயமா?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு டெவலப்பர் ஒரு நாளில் 40 முறை கோடை மாற்றி ரன் செய்து பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 80 நிமிடம். வாரத்துக்கு 5 நாள் என்றால் 400 நிமிடம். அதாவது, கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள் வெறும் காத்திருப்பிலேயே போய்விடுகிறது. அதே வேலை 10 விநாடியில் முடிந்தால் ஒரு நாளைக்கு 7 நிமிடம்கூட ஆகாது.

நேர இழப்பை விடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கும்போது கை தானாக மொபைலுக்குப் போகும். திரும்பி வரும்போது "எதை மாத்தினோம்?" என்பதே மறந்திருக்கும். நாளடைவில், "இது சின்ன மாற்றம்தானே, டெஸ்ட் பண்ணாமலே அனுப்பிடலாம்" என்ற பழக்கம் வந்துவிடும். தவறுகள் வாடிக்கையாளர் வரை போய்ச் சேர்வது இப்படித்தான்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

ஜாவா கோடை எழுதியதும் அப்படியே ஓடவிட முடியாது. முதலில் அதை கம்பைல் செய்ய வேண்டும். பிறகு மொத்த அப்ளிகேஷனையும் 'வார்' என்ற ஒரே ஃபைலாகக் கட்ட வேண்டும். அதை டாம்கேட் போன்ற சர்வரில் ஏற்ற வேண்டும். சர்வர் அதைப் பிரித்து, ஆயிரக்கணக்கான கிளாஸ்களைப் படித்து, டேட்டாபேஸோடு இணைந்த பிறகுதான் பக்கம் திறக்கும்.

துறைமுகத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு கன்டெய்னரில் ஒரே ஒரு உப்பு மூட்டையை மாற்ற வேண்டும். அதற்காகக் கப்பலில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, திரும்ப ஏற்றினால் எப்படி இருக்கும்? பல ஜாவா அலுவலகங்களில் தினமும் நடப்பது இதுதான். டாம்கேட் போன்ற சர்வரையும் 'கன்டெய்னர்' என்றே டெவலப்பர்கள் அழைப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆக, ஜாவா மெதுவாக ஓடுகிறது என்பதல்ல பிரச்சினை. மாறாத விஷயங்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதுதான் பிரச்சினை.

முதல் வேலை: நேரத்தை அளங்க

"ரேம் பத்தலை" என்று யூகத்தில் முடிவு செய்ய வேண்டாம். அந்த ரெண்டு நிமிஷத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: கட்டுவதற்கு எவ்வளவு, சர்வர் எழுவதற்கு எவ்வளவு, முதல் பக்கம் திறக்க எவ்வளவு?

இதற்குத் தனி டூல் தேவையில்லை. மேவன், கிரேடில் இரண்டுமே பில்ட் முடிந்ததும் மொத்த நேரத்தைக் காட்டும். டாம்கேட் எழுந்ததும் எத்தனை மில்லி விநாடி ஆனது என்று லாகில் எழுதும். ஸ்பிரிங் பூட்டும் அப்படித்தான். இந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பில்ட் மெதுவா இருக்கா?

பலரும் பழக்கத்தில் ஒவ்வொரு முறையும் 'கிளீன்' போட்டு பில்ட் செய்கிறார்கள். ஏற்கெனவே கம்பைல் ஆன எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பதுதான் அதன் பொருள். ஏதாவது குழப்பம் வந்தால் மட்டும் கிளீன் போட்டால் போதும்.

ப்ராஜெக்ட்டில் பல மாட்யூல்கள் இருந்தால், மாற்றிய மாட்யூலையும் அதை நம்பியிருப்பவற்றையும் மட்டும் பில்ட் செய்ய மேவனில் வசதி இருக்கிறது. லைப்ரரிகளின் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று மேவன் இணையத்தில் தேடுவதையும் ஆஃப்லைன் முறையில் நிறுத்தி வைக்கலாம். நெட் மெதுவாக இருக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கிரேடிலில் 'டீமன்' என்ற வசதி உண்டு. ஒருமுறை எழுந்த புராசஸ் தூங்காமல் பின்னணியில் காத்திருக்கும். அடுத்த பில்டுக்குப் புதிதாக எழ வேண்டியதில்லை. மேவன் பயன்படுத்துபவர்களுக்கும் 'மேவன் டீமன்' என்று தனியாகக் கிடைக்கிறது.

சர்வரை முழுசா நிறுத்தாம மாத்த முடியுமா?

முடியும். இதற்குப் பல படிகள் இருக்கின்றன.

முதல் படி, வார் ஃபைலாகக் கட்டுவதையே நிறுத்துவது. டெவலப்மென்ட் நேரத்தில் பிரித்த ஃபோல்டராகவே சர்வரிடம் கொடுக்கலாம். இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் இரண்டிலும் இது உண்டு. ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜே.எஸ்.பி. மாற்றங்களுக்கு அதன்பிறகு ரீஸ்டார்ட்டே வேண்டாம்.

இரண்டாவது, 'ஹாட்ஸ்வாப்'. டீபக் முறையில் ஓடும் அப்ளிகேஷனில், ஒரு மெத்தடின் உள்ளே உள்ள வரிகளை ஓடும்போதே மாற்றலாம். 2002-ல் வந்த ஜாவா 1.4 முதலே இது இருக்கிறது. ஆனால் ஒரு வரம்பு உண்டு: புது மெத்தடோ புது ஃபீல்டோ சேர்த்தால் இது வேலை செய்யாது. அந்த வரம்பைத் தாண்ட, காசு கொடுத்து வாங்கும் ஜேரெபெல், இலவசமான ஹாட்ஸ்வாப் ஏஜென்ட் ஆகியவை இருக்கின்றன.

மூன்றாவது, ஸ்பிரிங் பூட் டெவ்டூல்ஸ். 2015-ல் வந்த இது அப்ளிகேஷனை இரண்டு பகுதியாகப் பார்க்கிறது. வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகள் ஒரு பகுதி. நீங்கள் எழுதும் கோடு இன்னொரு பகுதி. கோடு மாறினால் இரண்டாவது பகுதியை மட்டும் தூக்கி எறிந்து புதிதாக ஏற்றும். லைப்ரரிகளைத் தொடாது.

டேட்டாபேஸ் எங்கே இருக்கு?

சொந்த ஊரிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. லேப்டாப் தூத்துக்குடியில், டேட்டாபேஸ் சென்னை அலுவலகத்தில், நடுவில் வி.பி.என். இப்படி இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்பி வர வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒருமுறை போய் வர 30 மில்லி விநாடி என்று வையுங்கள். கண் இமைப்பதை விடக் குறைவுதான். ஆனால் அப்ளிகேஷன் எழும்போது டேபிள்களைச் சரிபார்க்கவும், மாஸ்டர் தகவல்களை எடுக்கவும் 2,000 முறை கேட்டால்? அதற்கே ஒரு நிமிஷம் போய்விடும். டெஸ்ட் தகவல்களோடு ஒரு சின்ன டேட்டாபேஸை, டாக்கர் மூலம் லேப்டாப்பிலேயே ஓடவிட்டால் இந்த ஒரு நிமிஷம் மிச்சம். வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல்களை மட்டும் லேப்டாப்புக்குக் கொண்டுவரக் கூடாது.

ஆன்டிவைரஸ், ரேம், டிஸ்க்

ஒரு ஜாவா பில்ட் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தொடும். ஆன்டிவைரஸ் அவை ஒவ்வொன்றையும் சோதிக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் மேவன் லைப்ரரி ஃபோல்டரையும் சோதனையிலிருந்து விலக்கினால் வேகம் கூடும். ஆனால் அலுவலக லேப்டாப்பில் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். பாதுகாப்புப் பிரிவிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-ல் இதற்காகவே மைக்ரோசாஃப்ட் 2023-ல் 'டெவ் டிரைவ்' என்ற தனி வசதியைக் கொண்டுவந்தது.

பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம். ரேம் 8 ஜி.பி. என்றால் ஐ.டி.இ., சர்வர், டேட்டாபேஸ், பிரவுசர் எல்லாம் சேர்ந்து அதை நிரப்பிவிடும். நிரம்பியதும் கம்ப்யூட்டர் டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போதுதான் எல்லாமே ஆமை வேகத்துக்குப் போகும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

புது ஜாவாவுக்கு மாறினா வேகம் வருமா?

ஓரளவுக்கு வரும். 2025 மார்ச்சில் வெளியான ஜாவா 24-ல், கிளாஸ்களை ஒருமுறை படித்து இணைத்த நிலையிலேயே சேமித்து வைக்கும் வசதி வந்தது. 'பெட்கிளினிக்' என்ற ஸ்பிரிங் மாதிரி அப்ளிகேஷன் எழும்போது சுமார் 21,000 கிளாஸ்களை ஏற்றுகிறது. அது எழும் நேரம் 4.486 விநாடியிலிருந்து 2.604 விநாடியாகக் குறைந்ததாக ஜாவாவை உருவாக்குபவர்களே வெளியிட்ட அளவீடு சொல்கிறது. அதாவது 42 சதவீதம் மிச்சம்.

ஆனால் இந்தச் சேமிப்பு ஜார் ஃபைல்களாகக் கட்டப்பட்ட அப்ளிகேஷனுக்குத்தான் உதவும். ஃபோல்டரில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் கோடுக்கு அல்ல. தினசரி டெவலப்மென்ட்டுக்கு மேலே சொன்ன வழிகள்தான் கைகொடுக்கும்.

எதில் கவனமா இருக்கணும்?

வேகத்துக்காகச் செய்யும் சில மாற்றங்கள் டெவலப்பர் லேப்டாப்போடு நிற்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் பாகங்களை எழுப்பும் 'லேஸி' முறை ஸ்பிரிங் பூட் 2.2-லிருந்து இருக்கிறது. இதனால் சர்வர் சீக்கிரம் எழும். ஆனால் தொடக்கத்திலேயே தெரிய வேண்டிய பிழை, யாரோ ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதுதான் தெரியவரும். டெஸ்ட்களைத் தவிர்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு ரன்னுக்கும் தவிர்க்கலாம். கோடை டீமுக்கு அனுப்பும் முன் எல்லா டெஸ்ட்டும் ஓடியே ஆக வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

இன்றைக்கு நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கிளீன் போடுவதை நிறுத்திப் பாருங்கள். அடுத்த நாள் டெவ்டூல்ஸ் அல்லது ஹாட்ஸ்வாப். பிறகு டேட்டாபேஸ். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, திரும்ப அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது. புது லேப்டாப் கேட்பது கடைசி. அப்போதும் கையில் எண்கள் இருந்தால் மேனேஜரிடம் பேசுவது எளிது.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்தவர்கள் கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். நீந்தி இறங்கினால் பாதி மூச்சு வழியிலேயே போய்விடும். கல் சட்டென்று தரைக்குக் கொண்டுபோய்விடும். மிச்சமான மூச்சு முழுவதும் சிப்பி பொறுக்குவதற்கு. மேலே தூக்கிவிட, படகில் கயிறு பிடிக்க ஆள் இருப்பார்.

டெவலப்பருக்கு மூச்சு என்பது அவரது கவனம். அது காத்திருப்பில் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.