மழை இருட்டும்போது ஆற்றுக்குப் போகும் வேலை

பள்ளிகளுக்குப் பேசப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நீரியல் படித்தால் குடிநீர் நிறுவனத்தில்தான் வேலையா, சார்?" அந்த வேலையும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது ஆய்வுத் துறை. மழை காட்டில் பெய்தால் என்ன ஆகிறது, செம்பனைத் தோட்டத்தில் பெய்தால் என்ன ஆகிறது, காய்கறித் தோட்டத்தில் பெய்தால் என்ன ஆகிறது என்று கணக்கெடுப்பதே என் பிழைப்பு.

கேமரன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். காடு மூடிய சரிவில் மழைநீர் சருகுகளுக்கிடையே இறங்கி, மண்ணில் ஊறி, மெதுவாக ஓடையை அடைகிறது. அதே சரிவை வெட்டிக் காய்கறி பயிரிட்டால், நீர் மண்ணையும் உரத்தையும் வாரிக்கொண்டு ஓடும். அந்த மண்ணில் பெரும்பங்கு ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. மின்உற்பத்திக்காக 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. வண்டல் சேரச் சேர, வெள்ளத்தைத் தாங்கும் இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை திறந்துவிடப்பட்டதில், கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. மலைமேல் மண் கரைவதற்கும் கீழே வீடு மூழ்குவதற்கும் உள்ள தொடர்பை எண்களில் காட்டுவது எங்கள் பொறுப்பு.

அதில் ஒரு சிக்கல். ஆண்டு முழுவதும் ஆற்றில் போகும் மண்ணில் பெரும்பகுதி, சில கனமழைகளின்போதே போய்விடுகிறது. மாதம் ஒருமுறை வெயில் நாளில் மாதிரி எடுத்தால் ஆறு நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஆகவே மழை இருட்டியதும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓட, நாங்கள் புட்டிகளோடு ஆற்றுக்குப் போகிறோம். தானியங்கிக் கருவிகள் உண்டு. வெள்ளம் அவற்றையும் அடித்துக்கொண்டு போவதுண்டு.

நம் நாட்டின் நீர்த்தரக் குறியீடு 6 அளவீடுகளைக் கொண்டது: ஆக்சிஜன் தொடர்பானவை மூன்று, அம்மோனியா, நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள், அமில-காரத் தன்மை. பூச்சிக்கொல்லி அதில் இல்லை. உரத்திலிருந்து வரும் பாஸ்பரசும் இல்லை. குறியீடு 'சுத்தம்' என்று சொல்லும் ஆற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேசனுக்குப் பிறகு சுற்றுச்சூழல் அறிவியல், புவியியல், சிவில் பொறியியல் என எந்த வழியிலும் இத்துறைக்கு வரலாம். முனைவர் பட்டம்வரை எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஓடிவிடும். அதன்பின் நிரந்தர விரிவுரையாளர் பணி உடனே கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். ஒப்பந்த ஆய்வாளராகச் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டி வரலாம். எனக்கு வேதியியலைவிடப் புள்ளியியல் அதிகம் கைகொடுக்கிறது. அடுத்தது மொழி. தோட்டத்துக்குள் ஓடும் ஓடையில் மாதிரி எடுக்க அனுமதி கேட்டு மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பேசியிருக்கிறேன். என் சீனத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்.