மடையோடு பெயர்த்த வயல்

திருவரங்கத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பாவின் வண்டியில் பின்னால் அமர்ந்து வந்தபோது, அவன் குதிகால் சக்கரக் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. வீட்டில் காப்பித்தூளை அப்பிவிட்டு, மறுநாள்தான் திருச்சியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். தோல் போய்த் தசைநாண் வெளியே தெரிந்தது.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தவனின் காலில் புடைத்திருந்த தோலைப் பார்த்துச் சிலர் கேலி செய்தனர். “தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கலாமே சார்?” என்றான் ஒருவன். கேள்வி நல்ல கேள்விதான். காயம்பட்டவனிடம் தனியே கேட்டு, அவன் சம்மதித்த பிறகே அதைப் பாடமாக்கினேன்.

ஒட்டுத்தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அடியிலுள்ள சதையிலிருந்துதான் அது உயிர் பெற வேண்டும். உறையிழந்த தசைநாண் மீது ஒட்டுவது, பாறையில் நாற்று நடுவது போல.

கரும்பலகையில் காவிரியை வரைந்தேன். காவிரி பெருந்தமனி; உய்யக்கொண்டான் கிளைத் தமனி; வயலுக்கு நீர்விடும் மடைதான், தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் சிறு நாளம். இதைப் ‘பெர்ஃபொரேட்டர்’ என்பர். டாப்ளர் கருவியில் அதன் ஒலியைக் கேட்டு இடத்தைக் குறிப்பார்கள். சுற்றியுள்ள தோலையும் கொழுப்பையும் நாற்புறமும் அறுத்து, அந்த நாளத்தை மட்டும் விட்டுவைத்து, காயத்தின் மேல் திருப்பி மூடுவார்கள். நம் ஊரைப் போல அதுவும் ஒரு தீவுதான். ஆனால் பாலம் ஒன்றே. அது முறுக்கிக்கொண்டால் தோல் கருகிவிடும்.

கன்னத் தோலை அறாமல் திருப்பி மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதையே கூறுகிறது. பிற்காலத்தில் பெரிய காயங்களுக்குத் தசையையும் சேர்த்தே எடுத்தனர். 1989-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கோஷிமாவும் சொயேதாவும், வயிற்றுத் தசையை அப்படியே விட்டுவிட்டு, நாளத்தோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்துக் காட்டினர். இதனால் எடுத்த இடம் வலுவிழப்பதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்ய வேண்டியவை எளியவை. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐ அழைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் இலவசம். சிகிச்சை முடிந்து வரும் பிள்ளையின் புதிய தோலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். செருப்பு உரசிப் புண்ணானாலும் அவனுக்குத் தெரியாது. நாம்தான் கவனிக்க வேண்டும்.

பாடம் முடிந்ததும், கேலி செய்தவர்களில் ஒருவனே அவனிடம் கேட்டான்: “மடை எங்கேடா இருக்கு?”

அவன் காலுறையை இறக்கிக் காட்டினான்.