கால் நகம் எடுக்கப் போன சிறுமி

அவள் பெயர் ஹன்னா கிரீனர். வயது 15. இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வின்லேட்டன் என்ற ஊரில் வசித்தாள்.

அவளுடைய கால் விரலில், நகம் சதைக்குள் வளர்ந்து தொல்லை கொடுத்தது. அதை எடுத்துவிட டாக்டர் முடிவு செய்தார்.

1848-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி. ஹன்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். பயத்தால் அழுதாள். டாக்டர் ஒரு துணியில் "குளோரோபாரம்" என்ற மருந்தை விட்டு, அவள் மூக்கருகே பிடித்தார். அது புது மருந்து. நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கி 3 மாதம்கூட ஆகவில்லை.

நகத்தைச் சுற்றிக் கத்தி பட்டது. ஹன்னா ஒரு தடவை உதறினாள். உதடுகள் வெளுத்தன. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பிராந்தி கொடுத்தார்கள். பலன் இல்லை. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த மருந்தே எமனாகிவிட்டது!

அளந்து கொடுத்தவர்

இந்தச் சாவு டாக்டர்களை உலுக்கியது. துணியில் விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று தெரியாதே! லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ, மருந்தின் அளவை ஆராய்ந்தார். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ வலி தெரியாமல் இருக்க, குளோரோபாரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்தவர் அவரே.

இன்று எப்படி?

இன்று ஆபரேஷனுக்குக் குளோரோபாரம் கொடுப்பதில்லை. ஒரே மருந்தை நம்புவதும் இல்லை. பெரிய ஆபரேஷன் என்றால் தூங்க வைக்க ஒரு மருந்து. வலியைத் தடுக்க வேறு மருந்து. தசையைத் தளர்த்த இன்னொன்று. வாந்தியைத் தடுக்க மற்றொன்று. நாடித் துடிப்பு மிகவும் குறைந்தால் போடுவதற்கு "அட்ரோபின்" ஊசி தயாராக இருக்கும்.

ஏன் இத்தனை மருந்து? ஒன்றையே அதிகமாகக் கொடுத்தால் இதயமும் மூச்சும் தளர்ந்துவிடும். பலவற்றை அளவோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து குறையும்.

மறைக்காதீர்கள்!

டாக்டர் "சாப்பிடக் கூடாது" என்றால் சாப்பிடக் கூடாது. மயக்கத்தில், வயிற்றில் உள்ள உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். "குழந்தை பசியால் அழுகிறதே" என்று ஓர் இட்லியை ஊட்டிவிட்டு மறைப்பது பெரும் ஆபத்து. தினமும் சாப்பிடும் மாத்திரைகள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, ஹன்னாவைப் போன்ற ஒரு பெண்ணுக்கு இன்று நகம் எடுப்பது எப்படி? பெரும்பாலும் மயக்கமே வேண்டியதில்லை. விரலின் அடியில் ஊசி போடுவார்கள். விரல் மட்டும் மரத்துவிடும். அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போய்விடுவாள்!